‘குவைட்’ என்றொரு சொல்

ஆங்கிலம் அளந்து பேசும் மொழி, அதில் ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்தான் என்று நம்பிக் கைகூப்புவோர் நம்மிடையே இன்னும் உளர். அவர்கள்முன் ‘குவைட்’ என்ற சின்னஞ்சிறு சொல்லை வைக்கிறோம்.

‘குவைட் எம்ப்டி’ என்றால் பெட்டியில் ஒன்றுமே இல்லை. ‘குவைட் குட்’ என்றால்? இங்கிலாந்துக்காரர் சொன்னால், பெரும்பாலும், “பரவாயில்லை” என்று பொருள். அமெரிக்கர் சொன்னால், “மிக நன்று” என்று பாராட்டுகிறார்! ஒரே சொல், ஒருவர் வாயில் முழுமை, மற்றவர் வாயில் அரைகுறை.

காரணம் இல்லாமல் இல்லை, தோழர்களே! வெறுமைக்குப் படிகள் இல்லை. பெட்டி வெறுமையாயிருக்கும், அல்லது இராது. அங்கே அச்சொல் ‘முற்றிலும்’ என்று நிற்கிறது. நன்மைக்கும் வெப்பத்துக்கும் ஏற்ற இறக்கம் உண்டு. அங்கே, இங்கிலாந்தில், பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிடுகிறது. அங்கும் ‘குட்’ என்பதை அழுத்தினால் பாராட்டு. ‘குவைட்’ என்பதை அழுத்தினால் தயக்கம். ‘குவைட் எ ஃபியூ’ என்றாலோ சிலர் அல்லர், பலர்!

பழைய பிரெஞ்சு வழியாக வந்த இலத்தீன் வேர் இது. கடன் தீர்ந்தவன், தளை நீங்கியவன் என்பது முன்னைய பொருள். அமைதியைக் குறிக்கும் ‘குவயட்’ இதன் உடன்பிறப்பு. மிச்சமின்றித் தீர்ந்தது என்பதிலிருந்து முழுமை பிறந்தது. ‘ஓரளவு’ என்ற பொருள் 19-ஆம் நூற்றாண்டில் ஊன்றிய இளைய பிள்ளை. வந்த பிள்ளை வீட்டையே பங்கு போட்டுக்கொண்டது.

இது இலக்கண விளையாட்டு மட்டுமா? நம் வகுப்பில் ஒரு மாணவி. வயலில் நாற்று நடும் தாயின் மகள். அந்த வீட்டில் முதன்முதல் புத்தகம் தொட்டவள். வெளிநாட்டு உதவித்தொகைக்கு நற்சான்று கேட்டு வந்தாள். “‘குவைட் குட்’ என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், போதும், அடக்கமாக இருக்கும்” என்றார் உடனிருந்த மூத்த ஆசிரியர். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆயினும் அக்கடிதம் இலண்டன் வழக்கில் பழகிய கண்ணில் படுமா, அமெரிக்கக் கண்ணில் படுமா? ஒரு மேசையில் அது அவளை உயர்த்தும். மற்றொரு மேசையில் கட்டின் அடியில் தள்ளும். அடக்கம் யாருக்கு, இழப்பு யாருக்கு?

அந்தச் சொல்லை நாம் எழுதவில்லை. கணக்கில் வகுப்பிலேயே முதல்வள் என்றும், நடவுக் காலத்தில்கூட ஒரு நாளும் பள்ளிக்கு வராதிருந்ததில்லை என்றும் எழுதிக் கையொப்பமிட்டோம்.