பெட்டி நல்லாத்தான் இருக்கு

ஃபயர்வயர்னு ஒரு போர்ட் இருந்தது, தெரியுமா? நம்ம பேட்ச்ல பாதிப் பேர் பார்த்திருக்கவே மாட்டீங்க. 1995-ல் ஐஇஇஇ 1394 என்ற பெயரில் ஸ்டாண்டர்ட் ஆனது. நிற்காமல் ஓடவேண்டிய ஆடியோ, வீடியோ டேட்டாவுக்கு பேண்ட்விட்த்தை முன்கூட்டியே ஒதுக்கிக் கொடுக்கும். ரயிலில் ரிசர்வேஷன் கோச் மாதிரின்னு வெச்சுக்கோங்க. அதனால்தான் 2000-களில் வந்த ரெக்கார்டிங் இன்டர்ஃபேஸ் பல இதை நம்பியே இருந்தன.

அதில் ஒண்ணு கோட்டூர்புரத்தில் என் மாமாவோட ஸ்டுடியோவில் இன்னும் வேலை செய்யுது. ஸ்டுடியோன்னா பெரிசா கற்பனை பண்ணாதீங்க. ஒரு ஃபிளாட்டோட ஹாலும் பெட்ரூமும்தான். பறக்கும் ரயில் போனா டேக்கை நிறுத்திட்டுக் காத்திருக்கணும். வர்றது பெரும்பாலும் அரங்கேற்ற வேலை. நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின், புல்லாங்குழல் எல்லாரும் ஒரே நேரத்தில் வாசிப்பாங்க. எட்டு மைக் இன்புட் இல்லாம முடியாது. "ரெண்டு இன்புட் யூஎஸ்பி பெட்டி ஒண்ணு வாங்கிக்கோங்களேன்" என்று சொல்றவங்களுக்காக இதைச் சொல்றேன்.

பெட்டியில் ஒரு கோளாறும் கிடையாது. பவர் சப்ளையில் ரெண்டு கெப்பாசிட்டர் உப்பினப்போ மாமா ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிட்டு வந்து தானே சால்டர் பண்ணிட்டார். ஆனா டிரைவரை ரிச்சி ஸ்ட்ரீட்டில் விக்க மாட்டாங்க. கம்பெனி கை மாறிடுச்சு. மெயில் போட்டா, அது பழைய மாடல், சப்போர்ட் முடிஞ்சதுன்னு ரெண்டு வரி பதில். ஆப்பிளும் தன் லேப்டாப்களில் அந்த போர்ட்டை எப்பவோ எடுத்துட்டாங்க. அடாப்டர் மேல அடாப்டர் மாட்டித்தான் பலர் சமாளிச்சாங்க. 2025-ல் வந்த மேக் ஓஎஸ் டாஹோவில் ஃபயர்வயர் சப்போர்ட்டே இல்லை.

அதனால மாமா ஒரு 2012 மேக்புக் ப்ரோவை அப்படியே பாதுகாத்து வெச்சிருக்கார். அதுக்கு இன்டர்நெட் கிடையாது, அப்டேட் கிடையாது, வேற யாரும் தொடக்கூடாது. அது போச்சுன்னா பெட்டியும் போச்சு, மாமாவோட வேலையும் போச்சு.

இது சின்ன ஸ்டுடியோக்களோட பிரச்சினை மட்டும் இல்ல. 2013-ல் புரோ டூல்ஸ் 11 வந்தப்போ, லட்சக்கணக்கில் போட்டு வாங்கிய பழைய ஹெச்டி கார்டுகள் அதில் ஓடலை. அதுக்கும் முன்னாடி ஏடாட் இருந்தது: எஸ்-விஹெச்எஸ் கேசட்டில் எட்டு டிராக் பதியும் மெஷின். மாமா வீட்டுப் பரணில் அந்தக் கேசட் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருக்கு. போட்டுக் கேட்க மெஷின் இல்லை. ஒரு கேசட் மேல என் பாட்டி பேரு எழுதியிருக்கு. அவங்க பாடினதை நான் கேட்டதே இல்லை.

லினக்ஸ் பக்கம் கதை வேற. அங்கே ஃபயர்வயர் இன்னும் உயிரோட இருக்கு. தகாஷி சகமோட்டோ என்பவர் பல இன்டர்ஃபேஸ்களுக்கு டிரைவர் எழுதியிருக்கார், கெர்னலில் அந்தப் பகுதியைப் பராமரிப்பதும் அவர்தான். 2029 வரைக்கும் பார்த்துக்கறேன்னு சொல்லியிருக்கார். பெட்டியைச் செய்து விற்ற கம்பெனிகள் கைவிட்டதை ஒரு ஆள் தூக்கிச் சுமக்கிறார். நம்ம பிளேஸ்மென்ட் பேச்சில் இவர் மாதிரி ஆளுங்க பேரு வர்றதே இல்லைன்னு எனக்கு ஒரு ஆதங்கம்.

இந்தியாவிலும் 2022-ல் மத்திய அரசு 'ரைட் டு ரிப்பேர்' போர்ட்டல் தொடங்கியது. விவசாயக் கருவி, மொபைல் மற்றும் எலக்ட்ரானிக்ஸ், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என நாலு பிரிவு. நல்ல விஷயம்தான். ஆனா ரிப்பேர்னதும் நமக்கு ஸ்க்ரூடிரைவர்தான் ஞாபகம் வருது. ஒரு பொருளைக் கைவிடும் கம்பெனி அதோட டிரைவர் சோர்ஸ் கோடையாவது வெளியே விட்டுட்டுப் போகணும்னு நான் நினைக்கிறேன். விற்கவே போறதில்லாத பொருளுக்கு என்ன ரகசியம்?

செமஸ்டர் லீவில் ஒரு பழைய பிசியில் ஃபயர்வயர் கார்டு போட்டு, லினக்ஸ் ஏத்தி, மாமாவோட பெட்டியை மாட்டினேன். எட்டு சேனலும் வந்தது. மாமா ஹெட்ஃபோன் போட்டு ரொம்ப நேரம் கேட்டார். அப்புறம், "2029-க்கு அப்புறம் என்னடா?" என்றார்.

அடுத்த மாசம் ஒரு அரங்கேற்ற ரெக்கார்டிங் இருக்கு. மெயின் மெஷின் மேக்தானாம். என் பிசி பக்கத்தில் ஸ்டாண்ட்பையா ஆன்லயே இருக்கணுமாம், அதோட ஃபேன் சத்தம் மைக்கில் வராம நான்தான் ஏதாவது பண்ணணுமாம்.