வலிக்கிறது என்றாள், நம்பினீர்கள்

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மாவுக்கு,

கடைசிவரை நீங்கள் வைத்தியம் பார்த்த ஒன்பது வயதுப் பிள்ளையின் தாய்மாமன் எழுதுகிறேன். அக்கா சொல்லச் சொல்ல எழுதியது பாதி, என் பங்கு பாதி. உங்களுக்கு மட்டும் தபாலில் போடாமல் ஊரறிய எழுதுகிறேன். உங்களைப் போன்ற டாக்டர்கள் இருப்பதே தெரியாமல் ஏதோ ஒரு வார்டில் இன்றும் சில பெற்றோர் உட்கார்ந்திருப்பார்கள்.

தொடை எலும்பில் கட்டி. ஆபரேஷன், கீமோ எல்லாம் தாண்டி நுரையீரலுக்கும் பரவியபோது, அதுவரை பார்த்த இடத்தில் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். உங்களிடம் வந்தோம். நீங்கள் ஃபைலைப் பிரிக்கவில்லை. கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சிரிப்பில் தொடங்கி அழுகை வரை ஆறு முகங்கள் வரைந்த அட்டையை நீட்டி, "இப்ப நீ இதுல எது?" என்றீர்கள். ஐந்தாவதைத் தொட்டாள். "காலையிலேருந்து டிவி பார்த்துச் சிரிச்சிக்கிட்டுதானே இருந்தா" என்று உறவுக்காரர் ஒருவர் குறுக்கிட்டார். "சிரிச்சாலும் வலிக்கும். அவ உடம்பு, அவதான் சொல்லணும்" என்றீர்கள்.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்று பிறகு படித்துத்தான் தெரிந்தது. 1980கள் வரைகூடப் பச்சிளம் குழந்தைகளுக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்றே டாக்டர்கள் பலர் நினைத்தார்களாம். போதிய வலிமருந்து கொடுக்காமலே குறைமாதக் குழந்தைகளின் நெஞ்சைத் திறந்திருக்கிறார்கள். அதனால் வரும் கேட்டை 1987-இல் ஆய்வு செய்து காட்டியவர் இந்தியாவில் மருத்துவம் படித்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டு போன கன்வல்ஜீத் ஆனந்த்.

மார்ஃபின் என்றதும் வீட்டில் கலவரம். பழகிப்போகும், மூச்சு நின்றுவிடும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எடைக்குத் தக்கபடி தொடங்கி, பார்த்துப் பார்த்துக் கூட்டினால் பயமில்லை என்று பொறுமையாக விளக்கினீர்கள். வலி வரட்டும் என்று காத்திருக்காமல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். கூடவே மலச்சிக்கலுக்கும் மருந்து. இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று அக்கா கூச்சப்பட்டாள். எழுதத்தான் வேண்டும், பிள்ளையைப் பல நாள் படுத்தியது அதுதான். அரசு அனுமதியோடு கசகசாச் செடி வளர்த்து மார்ஃபின் தரும் அபினை எடுக்கிற நாடு இது. ஆனாலும் 1985-இல் போதைப்பொருள் சட்டம் வந்தபின் நோயாளிக்கு மார்ஃபின் கிடைப்பது அரிதாகி, 2014-இல் திருத்தம் வந்துதான் விதிகள் இளகின. அந்தச் சின்னப் புட்டிக்காக நீங்கள் எத்தனை பதிவேடு எழுதுகிறீர்கள் என்று பார்த்திருக்கிறேன்.

தினமும் ரத்தம் எடுப்பதை நிறுத்தியதும் நீங்கள்தான். "ரிசல்ட்டைப் பார்த்து எதை மாத்தப் போறோம்?" என்ற கேள்வி அதுவரை எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் உங்களிடம் கேட்டாள், "நான் செத்துருவேனா?" என்று. வீட்டில் யாரிடமும் கேட்டதில்லை. நீங்கள் மழுப்பவில்லை. "எதை நெனச்சுப் பயமா இருக்கு?" என்று கேட்டீர்கள். அம்மா அழுவாளே என்பதுதான் அவள் பயம். அன்று ராத்திரி தாயும் மகளும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்டதில்லை. ஸ்வீடனில் புற்றுநோய்க்குப் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரிடம் விசாரித்து 2004-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சாவைப் பற்றிப் பிள்ளையோடு பேசிய 147 பேரில் ஒருவர்கூட அதற்காக வருந்தவில்லை. பேசாமல் இருந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் வருந்தியிருக்கிறார்கள்.

பாப்பாவின் தம்பியையும் நீங்கள் மறக்கவில்லை. சண்டையில் அவள் காலில் உதைத்ததால்தான் கட்டி வந்தது என்று மாசக்கணக்கில் அவன் மனசுக்குள் புழுங்கியதை நீங்கள் கேட்டுத்தான் நாங்களே அறிந்தோம்.

அவள் வீட்டில், தூக்கத்தில் போனாள்.

அக்கா ஒன்று எழுதச் சொன்னாள். உங்கள் பின்னால் நோட்டோடு நிற்பார்களே மாணவர்கள், அவர்களுக்கு ஒரு தாய் பேசிக் கேட்பது உதவும் என்றால் வந்து பேசத் தயார் என்கிறாள். எந்தக் கிழமை என்று சொன்னால் போதும், நான் கூட்டிவருகிறேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் மாமா