சிவகிரி எப்ப வெளிநாடாச்சு?

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக வெளிநாடு போனவர் தாத்தா. பாஸ்போர்ட் கிடையாது, விசா கிடையாது. ராஜபாளையத்தில் ரயில் ஏறி செங்கோட்டையில் இறங்கினார். அவ்வளவுதான், ஃபாரின்!

சிரிக்காதீர்கள். அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் மகாராஜாவின் சீமை. காசுக்குப் பெயர் சக்கரம். தபால்கூட தனி. எல்லையில் சுங்கச் சாவடி வேறு. புகையிலை இருக்கிறதா என்று பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்களாம்.

1956 நவம்பர் 1-ந் தேதி மொழிவாரி மாநிலம் பிரித்தபோது செங்கோட்டை நம் பக்கம் வந்தது. ஆரியங்காவு அந்தப் பக்கமே தங்கிவிட்டது. திருவிதாங்கூர் சங்கு முத்திரையோடு ஒரு வளைவு மட்டும் செங்கோட்டையில் இன்னும் நிற்கிறது.

எங்கள் பக்கமும் கோடு சும்மா இருக்கவில்லை. 1910 வரை ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சிவகிரி எல்லாமே திருநெல்வேலி ஜில்லா. பிறகு நாங்கள் மட்டும் ராமநாதபுரம். 1985-ல் காமராஜர் மாவட்டம். இப்போது விருதுநகர். வீட்டை விட்டு நகராமலே நாலு விலாசம்!

அதே 1985-ல் லக்ஸம்பர்க்கில் ஷெங்கன் என்ற ஆற்றங்கரை கிராமத்தில் ஐந்து நாடுகள் கூடி, எல்லைச் சோதனையே வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டன. இரண்டு உலகப் போரில் அடித்துக்கொண்ட ஜெர்மனியும் பிரான்ஸும் அதில் உண்டு. 1995-ல் அமலுக்கும் வந்தது. நாமும் 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் மாநில எல்லை வணிகவரிச் சாவடிகளை மூடினோம். ஆஹா, கோடெல்லாம் அழிகிறதே என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

2020-ல் கொரோனா வந்தது. ஐரோப்பாவிலேயே எல்லைகள் மூடின. இங்கே மாவட்டம் தாண்ட இ-பாஸ். வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டூவீலரில் தினமும் ஆபீஸ் போய் வந்தேன். ஒரே மாவட்டம், யாரும் கேட்கவில்லை. தெற்கே சிவகிரி, அரை மணி நேரப் பயணம். ஆனால் 2019 நவம்பரில் பிறந்த தென்காசி மாவட்டம்.

அங்கேதான் பெரியம்மா இறந்துபோனாள்.

பாஸுக்கு விண்ணப்பித்துவிட்டு நானும் அம்மாவும் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். பாஸ் வந்தது, மறுநாள் காலையில். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நோய் பரவக்கூடாது என்று போட்ட சட்டம். தப்பென்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. அம்மாதான் கேட்டாள்: "ஏன்டா, சிவகிரி எப்ப வெளிநாடாச்சு?"

பதில் தெரியவில்லை. தாத்தாவின் பையைக் கவிழ்த்தார்கள், சரி. ஆனால் போகவிட்டார்களே!