கன்னப்பையில் அடங்காதது

பகிர்ந்து வாழும் பண்பைப் பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பிப்பது? பல்லாண்டுகளாக மதரஸாவில் பாடம் நடத்திவரும் எனக்கு இது ஓயாத கேள்வி. "தம்பிக்குக் கொடு" என்று அதட்டினால் கை நீளும்; மனம் நீளாது. இதற்கொரு விடையைப் பாபநாசத்து மலையடிவாரத்தில், நாட்டுக் குரங்குகளின் குட்டிகளிடம் கண்டேன் என்றால் வாசகர்கள் வியக்கக்கூடும்.

தாமிரபரணி மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கும் இடம் பாபநாசம். அதற்கு மேலே விரிந்து கிடப்பது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக 1988இல் உருவான களக்காடு முண்டந்துறைக் காடு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும் காலைகளில், இக்குரங்குகள் உடலோடு உடல் ஒட்டி அமர்ந்திருக்கும். தாயின் சூட்டிலும் அயலாரின் சூட்டிலும் குட்டிகள் ஒடுங்கியிருக்கும். வெயில் ஏறியதும் அந்தக் கூட்டம் அவிழும், விளையாட்டுத் தொடங்கும்.

உணவில் இவை தாராளமானவை அல்ல. கிடைத்ததைக் கன்னப்பைகளில் திணித்துக்கொண்டு ஒதுங்கிச் சென்று மெல்லும் இயல்புடையவை. விளையாட்டோ கன்னப்பையில் அடங்காத பொருள். இருவரும் விரும்பினாலன்றி அது நிகழாது. ஆகவே, பெரிய குட்டி தானே மல்லாந்து விழுந்து சின்னதை மேலேற விடுகிறது. வாயைத் திறந்து, 'இது சண்டையன்று' என்று முகத்தாலேயே அறிவிக்கிறது. கடி சற்று அழுந்தினால் சின்னது கீச்சிட்டு விலகிவிடும். ஆட்டமும் அத்துடன் முடியும். எல்லா முறையும் தானே வெல்ல நினைப்பவனுக்குத் தோழன் கிடைப்பதில்லை என்ற பாடம் அங்கே அடியின்றி, அதட்டலின்றி நடந்தேறுகிறது. வளர்ந்த ஆண் குரங்குகளும் தம் வலிமையை அடக்கிக்கொண்டு குட்டிகளோடு ஆடுவது இவ்வினத்தின் தனிச்சிறப்பு.

இந்த நெருக்கத்தின் பயன் துன்ப காலத்தில் தெரிகிறது. 1960களில் அமெரிக்காவில் காஃப்மன், ரோசன்பிளம் என்னும் ஆய்வாளர்கள், குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து ஆராய்ந்தனர். தென்கிழக்காசியாவின் பன்றிவால் குரங்குக் குட்டிகள் தலை கவிழ்ந்து, விளையாட்டை மறந்து சோர்ந்து போயின. நம் நாட்டுக் குரங்கின் குட்டிகளையோ கூட்டத்தின் பிற பெண் குரங்குகள் அணைத்துக்கொண்டன. ஆம், இடித்துக்கொண்டு சேர்ந்தமரப் பழகிய கூட்டத்தில் அநாதைக்கும் ஒரு மடி இருந்தது! குரங்கின் இளமையை 'மகவு', 'பிள்ளை' என்றும் வழங்கலாமெனத் தொல்காப்பிய மரபியல் இசைவளித்ததன் பொருத்தம் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

இத்தகைய நல்லுறவை நம் பொய்யான தாராளம் குலைத்துவிடுகிறது. ஒரு தை மாதக் காலையில் மாணவர்களுடன் அங்குச் சென்றிருந்தேன். ஐந்தாறு குட்டிகள் விழுதைப் பற்றி ஆடிக்கொண்டிருந்தன. சுற்றுலா வந்த ஒருவர் ரொட்டிப் பொட்டலம் ஒன்றை அவற்றின் நடுவே வீசினார். நொடியில் ஆட்டம் போரானது. பெரிய ஆண் குரங்கு பாய்ந்து பொட்டலத்தைக் கைப்பற்றியது. குறுக்கே நின்ற ஒரு குட்டியின் காதோரம் இரத்தம் கசிந்தது. "அவர் கொடுக்கத்தானே செய்தார், உஸ்தாத்?" என்று கேட்டான் ஒரு சிறுவன். "கொடுத்தார், ஆனால் பகிரவில்லை" என்றேன். காட்டில் இலையும் கனியும் பூச்சியும் பரந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றும் தன் பங்கைத் தேடிக்கொள்ளும். ஒரே இடத்தில் குவிந்த உணவு வலியவனுக்கே சேரும். மேலும், மனிதனிடம் பறித்துண்ணப் பழகிய குரங்கு, சாலையில் அடிபட்டும் கல்லடி பட்டும் சாகிறது. காட்டு விலங்குகளுக்கு உணவளிக்கலாகாது என வனத்துறை தடுப்பது இதனால்தான்.

நம் இல்லங்களிலும் இதுவே நடக்கிறது. ஆளுக்கொரு விளையாட்டுப் பொருள், ஆளுக்கொரு கைப்பேசி என்று வாங்கிக் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் ஒட்டுறவின்றி வளர்வதாக வருந்துகிறோம். காயல்பட்டினத்து விருந்துகளில் இருவரும் மூவருமாக ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்பார்கள். அங்கே எவருக்கும் தனித்தட்டு இல்லை. பக்கத்திலிருப்பவரின் கையைப் பார்த்தே தன் கையை நீட்ட வேண்டும். நல்ல துண்டு அவர் பக்கம் தானாக நகரும். நம் வீடுகளில் வாரம் ஒரு வேளையேனும் பிள்ளைகளை ஒரே தட்டில் உண்ண வையுங்கள். ஒரே பந்தைக் கொடுத்து நால்வரை ஆட விடுங்கள். சிணுங்கல் எழும், உடனே ஓடிச்சென்று தீர்ப்பளிக்காமல் சற்றுப் பொறுத்திருங்கள். ஆட்டம் தொடர வேண்டுமென்ற ஆசையே அவர்களுக்கு நீதியைக் கற்பித்துவிடும்.