அத்தானின் பெயர்ப்பலகைகளும் மருமானின் கியர்பாக்ஸும்

இணைப்பு என்றால் புதுச்சேரிக்காரனுக்கு 1954 நவம்பர் 1தான் முதலில் நினைவுக்கு வரும். நான் அப்போது சிறுபிள்ளை. பின்னாளில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது அலமாரியின் மேல்தட்டில் பிரெஞ்சு தோசியே, கீழ்த்தட்டில் இங்கிலீஷ் ஃபைல். ஒரே மனைக்கு இரண்டு கட்டு. எதை வைத்துக்கொள்வது, எதைப் பரணில் ஏற்றுவது என்பதிலேயே எங்கள் பாதி நாள் போகும்.

என் அத்தான் பாரீஸுக்கு அருகே புவாஸி கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஒரே வாசலில் சிம்கா, கிரைஸ்லர், தால்போ, பெழோ என்று பலகை மாறுவதைப் பார்த்ததாகச் சொல்லிச் சிரிப்பார். அமெரிக்க கிரைஸ்லரின் ஐரோப்பியக் கம்பெனிகளைப் பெழோ வாங்கியது 1978இல். அதே கிரைஸ்லர் 43 வருஷம் கழித்து, ஃபியட்டைக் கூட்டிக்கொண்டு, மறுபடி அதே வீட்டுக்கு வந்தது. 2021 ஜனவரி 16இல் இரு தரப்பும் சேர்ந்து ஸ்டெல்லாண்டிஸ் ஆனது. மொத்தம் 14 பிராண்டுகள்!

இதில் யார் எதைக் கொண்டுவந்தார்கள்? ஃபியட்-கிரைஸ்லரிடம் ஜீப்பும் ராம் பிக்கப்பும் கொட்டும் லாபம் இருந்தது. மின்சாரக் கார்தான் குறைவு. ஐரோப்பாவின் புகைக் கட்டுப்பாட்டைச் சமாளிக்க டெஸ்லாவுக்குப் பணம் கட்டி, அதன் கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பெழோவிடமோ 2019லேயே மின்சார 208 தயார். இணைந்த சில மாதங்களிலேயே, இனி டெஸ்லாவின் தயவு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் ஜீப் அவெஞ்சர், ஃபியட் 600 இரண்டுக்கும் அடித்தளம் பெழோ வீட்டுச் சரக்குதான். எங்கள் அலுவலகத்தில் இவ்வளவு சீக்கிரம் எதுவும் தீர்ந்ததில்லை.

அதோடு நின்றிருக்கலாம். 2025க்குள் 3,000 கோடி யூரோவுக்கு மேல் செலவு, நான்கு புதிய அடித்தளங்கள் என்று அறிவித்தார்கள். 2022 மார்ச்சில் தலைவர் கார்லோஸ் தவாரெஸ், 2030இல் ஐரோப்பாவில் விற்கும் கார் முழுக்க மின்சாரம் என்றார். வேடிக்கை என்னவென்றால், மின்சாரத்தைத் தேர்ந்தெடுத்தது அரசியல்வாதிகள், கார் தொழில் அல்ல என்று அவரே அதற்குச் சற்று முன்புதான் குறைப்பட்டிருந்தார்.

அன்று இரவு மருமான் போன் செய்தான். அவனும் அங்கேதான், ஒரு தொழிற்சாலையில் கியர்பாக்ஸ் பிரிவு. "மாமா, மின்சாரக் காருக்கு எங்க பெட்டி வேண்டாமே" என்றான். குரலே சரியில்லை. அப்போதுதான் வீட்டுக்கடன் எடுத்திருந்தான். சர்க்கார் உத்தியோகத்தில் காலம் தள்ளிய எனக்கு என்ன ஆறுதல் சொல்வதென்று தெரியவில்லை.

நடந்தது வேறு. தூரினில் செய்த மின்சார ஃபியட் 500 எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 2024இல் அந்த உற்பத்தியையே நிறுத்தி வைத்தார்கள். அந்த டிசம்பரில் தவாரெஸும் விலகினார். மின்சாரத்துக்கென்றே வடிவமைத்த அதே 500இல் பெட்ரோல் என்ஜினைப் பொருத்தி, 2025 நவம்பரில் ஹைப்ரிட் என்று வெளியே விட்டார்கள். பெழோவிலும் இன்று 48 வோல்ட் ஹைப்ரிட் ஓடுகிறது. ஆறு கியர் உள்ள பெட்டிக்குள்ளேயே 21 கிலோவாட் மோட்டார். நகருக்குள் மெதுவாகப் போகும்போது கொஞ்ச தூரம் மோட்டாரே இழுத்துவிடும்.

அந்த மாதிரிப் பெட்டிதான் இப்போது மருமானின் வேலை. போன ஞாயிறு பேசினான்.

"எத்தனை வருஷத்துக்கு மாமா இது?"

அத்தான் பக்கத்திலிருந்து போனை வாங்கி, "பலகை மாறிச்சான்னு கேளு முதல்ல" என்றார்.