ரப்பர் கொட்டைத் தேர்

கருங்கல் சந்தைக்குப் போகும் வழியில் மாமாவின் தையல்கடை. சந்தை நாளில் ஏத்தங்குலை சுமப்பவர்களும் மரச்சீனிக் கூடைகளும் வழியை அடைத்துக்கொள்ள, உடம்பைச் சரித்துத்தான் உள்ளே நுழைய வேண்டும். இரண்டு மெஷின், ஒரு பெஞ்சு, பெஞ்சின் மேல் செஸ். பலகை கடையில் வாங்கியதல்ல. கறுப்புப் பேன்ட் துணியையும் வெள்ளை லைனிங் துணியையும் சதுரம் சதுரமாக வெட்டி மாமாவே தைத்தது. 64 கட்டமும் அளவு பிசகாமல் இருக்கும். ராத்திரி கடையைச் சாத்தும்போது பாயைப் போலச் சுருட்டி மெஷின் மேல் வைத்துவிடுவார்.

காய்கள் பிளாஸ்டிக். வெள்ளையில் ஒரு தேர் எப்போதோ தொலைந்துவிட்டது. அந்த இடத்துக்குப் பாட்டாவின் விளையில் பொறுக்கிய ரப்பர் கொட்டை ஒன்று வந்தது. பழுப்பில் கறுப்புப் புள்ளி போட்ட, வழவழவென்ற கொட்டை. நிற்க வைத்தால் உருளும். அடியைக் கல்லில் உரசித் தட்டையாக்கிய பிறகு அசையாமல் நின்றது. அதற்கு இடம் எப்போதும் ராணிப் பக்க மூலைதான்.

மூலையில் நிற்பது தேர், ராஜாவுக்கும் ராணிக்கும் அடுத்து நிற்பது ஆனை என்பது எங்கள் வழக்கம். தமிழ்ப் பத்திரிகை மூலையில் நிற்பதைக் கோட்டை என்று எழுதும். பாளையங்கோட்டையில் படித்துவிட்டு வந்த ஒரு அண்ணன் அதையே யானை என்பார். பாட்டாவுக்கு ராணியே கிடையாது, மந்திரிதான். அவர் ஆட்டத்தில் காலாள் ஒவ்வொரு கட்டமாகத்தான் நகரும், ராஜா ஒரே ஒரு தடவை குதிரையைப் போல சாடலாம். "ராஜா சாடாத ஆட்டம் என்ன ஆட்டம்லே?" என்று எங்களைப் பார்த்துச் சிரிப்பார்.

விஸ்வநாதன் ஆனந்த் அந்தக் கடைக்குள் வந்தது 1994-இல். அப்போது நான் ஏழாம் வகுப்பு. உலகப் பட்டத்துக்கு அன்று இரண்டு ஏணிகள். 1993-இல் உலக சாம்பியன் காஸ்பரோவும் அவரோடு மோதவிருந்த நைஜல் ஷார்ட்டும் உலகச் செஸ் சம்மேளனமான ஃபிடேயை விட்டு வெளியேறித் தனிச் சங்கம் தொடங்கியிருந்தார்கள். இரண்டு ஏணியிலும் ஆனந்த் ஏறிக்கொண்டிருந்தார். இரண்டிலும் எதிரே வந்து நின்றவர் ஒரே ஆள், கேட்டா காம்ஸ்கி. சோவியத்தில் பிறந்து, அப்பாவோடு அமெரிக்காவுக்குப் போய்விட்ட பையன். அப்போது வயது 20.

முதல் மோதல் ஹைதராபாத் பக்கத்தில் சங்கி நகரில். நம்ம நாட்டிலேயே ஆட்டம் என்பதால் மாமா வெற்றியை முன்கூட்டியே எழுதிவிட்டார். கடைச் சுவரில் தையல் சாக்கால் கோடு கிழித்து இடப்பக்கம் 'ஆ', வலப்பக்கம் 'கா'. ஆனந்த் முன்னிலையில் இருந்தார். துணி அளவு கொடுக்க வருகிறவர்கள்கூட, "மாமா, என்னாச்சு?" என்று கேட்டுவிட்டுத்தான் கையைத் தூக்குவார்கள். பிறகு கடைசிப் பகுதியில் காம்ஸ்கி துரத்திப் பிடித்தார். எட்டு ஆட்டம் முடிந்தபோது 4-4. வேக ஆட்டம் இரண்டு வைத்தார்கள், இரண்டையும் காம்ஸ்கி எடுத்துக்கொண்டார்.

செய்தி வந்த அன்று மாமா ஒன்றும் மிண்டவில்லை. ஈரத்துணியால் சுவரைத் துடைத்தார். சாக்கு அழிந்தது, அதன் தடம் போகவில்லை.

1995 மார்ச்சில் அடுத்த ஏணியின் உச்சிப்படி. ஸ்பெயினின் கேனரித் தீவில் லாஸ் பல்மாஸ் என்று ஒரு ஊர். ஜெயித்தவருக்குக் காஸ்பரோவோடு உலகப் பட்ட ஆட்டம். எங்களுக்கு முழுப் பரீட்சை நெருங்கிய நேரம். அம்மையிடம், "மாமாவுக்குச் சட்டைப் பட்டன் வாங்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் புறப்படுவேன். அந்த ஒரு மாதத்தில் மாமா கடைக்கு நான் வாங்கிய பட்டன்களை ஒரு ஊருக்கே தைக்கலாம். இந்த முறை சுவரில் பழைய தடத்தின் மேலேயே மாமா கோடு கிழித்தார். ஆனந்த் ஆறரைக்கு நாலரை என்று காம்ஸ்கியை முடித்தார். மாமா கடைக்கு வந்த எல்லோருக்கும் கட்டன் சாயா சொன்னார். என்ன விசேஷம் என்று தெரியாமலே மீன்காரி பாட்டியும் ஒரு கிளாஸ் குடித்துவிட்டுப் போனாள்.

அந்த வருடம் செப்டம்பர் 11-ஆம் தேதி நியூயார்க்கில் ஆட்டம் தொடங்கியது. உலக வர்த்தக மையத்தின் தெற்குக் கோபுரத்தில், 107-ஆவது மாடி. "அவ்வளவு ஒசரத்துல இருந்தா தலை கறங்காதா?" என்று பாட்டா கேட்டார். அங்கே பகல் என்றால் இங்கே நடுராத்திரி. நாங்கள் தூங்கும்போது ஆனந்த் யோசித்துக்கொண்டிருப்பார். காலைப் பத்திரிகை அச்சேறும்போது ஆட்டம் முடிந்திருக்காது, அதனால் முடிவு மறுநாள்தான் அதில் வரும். வானொலி முந்திச் சொல்லும். ஆனால் கடைக்குள் வானொலியை மாமா அனுமதிக்கவில்லை.

"ரேடியோ ஜெயிச்சான், தோத்தான்னு மட்டும்தான் சொல்லும். எப்படின்னு பேப்பர்லதான் இருக்கும். பேப்பர் வரது வரைக்கும் அவன் தோக்கல்லடே."

அதற்காகவே கணக்கு சார் ஆங்கிலப் பத்திரிகையை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மாலையில் வருவார். அவர் நகர்வுகளை ஒவ்வொன்றாக வாசிப்பார், மாமா துணிப்பலகையில் வைப்பார். ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் சார் பத்திரிகையை நெஞ்சோடு மறைத்துக்கொண்டு கேட்பார்: "இப்ப என்ன வைப்பான், சொல்லு?" முந்தாநாள் நியூயார்க்கில் முடிந்துபோன ஆட்டத்தில் நாங்கள் வியர்த்துக்கொண்டிருப்போம். பெஞ்சைச் சுற்றி ஏழெட்டுத் தலை, ஏழெட்டு யோசனை. எப்போதாவது என் நகர்வும் ஆனந்தின் நகர்வும் ஒன்றாகிவிடும். அன்று ராத்திரி கஞ்சியும் பயறும் கூடுதலாக இறங்கும்.

முதல் எட்டு ஆட்டமும் டிரா. சுவரில் இரண்டு பக்கமும் அரை அரையாக ஏறிக்கொண்டே போனது. ஒன்பதாவதில் ஆனந்த் ஜெயித்தார். காஸ்பரோவை! சார் பத்திரிகையை மறைக்கவே இல்லை, வாசலிலிருந்தே விரித்துக் காட்டிக்கொண்டு வந்தார்.

பத்தாவது ஆட்டம் வந்த மாலை எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. மழை பிடித்திருந்தது, ஓட்டிலிருந்து வாசலில் நூல் நூலாய் வடிந்தது. காஸ்பரோவ் வெள்ளை. சார் வாசிக்க வாசிக்க ஒரு கட்டத்தில் மாமாவின் கை நின்றது.

"சார், சரியாத்தான் வாசிச்சீரா? மூலையில உள்ள தேரு சும்மா நிக்குதே. வெட்டிரலாமே."

"அடுத்தது கேளு" என்றார் சார். பதினேழாவது நகர்வில் ஆனந்தின் ராணி வந்து அந்தத் தேரை வெட்டியது. மாமா எடுத்து என் கையில் தந்தார். அது ரப்பர் கொட்டை. பெஞ்சைச் சுற்றி ஒரே சிரிப்பு. "காஸ்பரோவுக்கும் நம்ம கொட்டை பிடிக்கல்லடே" என்றார் பாளையங்கோட்டை அண்ணன். சார் மட்டும் சிரிக்கவில்லை. மற்ற வெள்ளைக் காய்கள் எல்லாம் நடுவில் கட்டிப்போடப்பட்ட கறுப்பு ராஜாவை நோக்கி இறங்கின. தேரைத் தின்னப்போன ராணி தூரத்து மூலையிலிருந்து திரும்பி வருவதற்குள் காரியம் கழிந்துவிட்டது. கொட்டை என் உள்ளங்கையில் சூடாகிக் கிடந்தது.

அந்த வழியை முதலில் சொன்னவர் பழைய உலக சாம்பியன் மிகைல் டால் என்று பல வருடம் கழித்துப் படித்தேன். சிறுவன் ஆனந்த் சென்னையில் ஆடப் பழகிய சங்கத்துக்கு டாலின் பெயர்தான். மாமாவிடம் சொன்னபோது, "வீட்டு ஆளு சொல்லிக் குடுத்த அடியா?" என்று மட்டும் கேட்டார்.

பத்துக்குப் பிறகு பதினொன்று, பதிமூன்று, பதினாலு என்று வரிசையாகத் தோல்வி. 18 ஆட்டத்தில் பத்தரைக்கு ஏழரை, காஸ்பரோவுக்கு. கடைசி நாட்களில் சார் பத்திரிகையை இடுப்பில் செருகி வரும் விதத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். ஆனாலும் முதல் நகர்விலிருந்து வாசிக்கத்தான் செய்தார், நாங்களும் காய் வைக்கத்தான் செய்தோம். ஒரு ஆட்டத்தையும் விடவில்லை.

2024 ஏப்ரலில் ஓட்டுப் போட ஊருக்கு வந்தவன் இரண்டு நாள் சேர்த்து இருந்துவிட்டேன். டொராண்டோவில் கேண்டிடேட்ஸ் செஸ் போட்டியின் கடைசிச் சுற்று. 17 வயது குகேஷ் எட்டரைப் புள்ளியோடு முன்னால், அரைப்புள்ளி பின்னால் மூன்று பேர். நடுராத்திரி தொடங்கி விடியும்வரை ஃபோனைப் பிடித்தபடி இருந்தேன். குகேஷ் அவர்களில் ஒருவரான நகமுராவோடு டிரா செய்து எழுந்துவிட்டார். மற்ற இருவரான கருவானாவும் நெப்போம்னியாச்சியும் ஆடும் ஆட்டம் முடிந்தால்தான் தீர்ப்பு. ஒவ்வொரு நகர்வுக்கும் திரையோரக் கோடு ஏறி இறங்கி, யார் தப்புச் செய்தார் என்று அவருக்கு முன்பே எனக்குச் சொல்லியது. பார்க்கத் தாங்காமல் குகேஷ் நடக்கப் போய்விட்டாராம். அதுவும் டிரா ஆக, ஒன்பது புள்ளியோடு குகேஷ் உலகப் பட்ட ஆட்டத்துக்குத் தேர்வானார்.

பொழுது விடிந்ததும் மாமா வீட்டுக்கு ஓடினேன். கடையை மூடிப் பல வருடம். திண்ணையில் நேற்றைய பத்திரிகையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"மாமா, குகேஷ்..."

கையை உயர்த்தினார். "மிண்டாதே. பேப்பர் வரட்டு."

"இன்னைக்குப் பேப்பர்ல வராது மாமா. விடிஞ்ச பிறகுதான் முடிஞ்சுது. நாளைக்குத்தான்."

"அப்ப நாளைக்கு" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பலகையை எடு. அந்தப் பயலுக்கு இன்னும் ஒரு நாள் இருக்கு."

அலமாரி மேலிருந்து சுருளை எடுத்து விரித்தேன். மடிப்பில் நூல் விட்டிருந்தது. காய்களை அடுக்கினேன். ராணிப் பக்க மூலையில் வைக்கும்போது அது கொஞ்சம் ஆடியது. மாமா குனிந்து, விரலால் அமர்த்தி நிறுத்தினார்.