கைம்மாறு

செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நமக்கு இயான் கிராக்கரின் நினைவு வந்துவிடுகிறது. குறளுக்கும் அமெரிக்க நீச்சல் வீரர் ஒருவருக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் நகைப்பதுண்டு. பெற்ற உதவிக்கு ஒரு மனிதன் என்னதான் செய்துவிட முடியும் என்ற கேள்வியே அந்தத் தொடர்பு.

மெயின் மாநிலத்துப் போர்ட்லந்தில் 1982-இல் பிறந்தவர் கிராக்கர். 2000 சிட்னி ஒலிம்பிக்கில், பதினெட்டு வயதில், 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் நான்காமிடம் பெற்றார்; மெட்லி ரிலேயில் தங்கம் வென்றார். 2003-இல் பார்சிலோனாவில் அந்தத் தூரத்தை 51 விநாடிக்குள் முதன்முதலாகக் கடந்தவரும் அவரே. அன்று அவரிடம் தோற்றவர் மைக்கேல் ஃபெல்ப்ஸ்.

மறு ஆண்டு ஏதென்ஸ். உடல்நலம் குன்றியிருந்த கிராக்கர், ஃப்ரீஸ்டைல் ரிலேயில் முதல் ஆளாக இறங்கிப் பின்தங்கினார். அணிக்கு வெண்கலமே கிட்டியது. அடுத்து வண்ணத்துப்பூச்சி நீச்சலில் ஃபெல்ப்ஸ் 51.25, கிராக்கர் 51.29. அந்த வெற்றியால் மெட்லி ரிலே இறுதியில் நீந்தும் உரிமை ஃபெல்ப்ஸுக்கு வந்தது. அவரோ அதைக் கிராக்கருக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பார்வையாளர் வரிசையில் அமர்ந்தார். பழியோடு ஊர் திரும்பியிருக்க வேண்டியவர் தங்கத்தோடும் 3:30.68 என்ற உலக சாதனையோடும் திரும்பினார். காலத்தினாற் செய்த உதவி என்பது இதுவன்றி வேறென்ன?

2005-இல் மான்ட்ரியலில் 50.40 விநாடியில் நீந்தி, கிராக்கர் தம் உலக சாதனையைத் தாமே முறியடித்தார். ஆனால் 2007-இல் மெல்போர்னில் நடந்தது வேறு.

ரிலேயில் முன்னவரின் கை சுவரைத் தொடுவதற்குச் சற்று முன்பே அடுத்தவரின் உடல் பாயத் தொடங்கிவிடும். கால் மேடையைவிட்டு அகல்வது 0.03 விநாடி வரை முந்தினால் பொறுத்துக்கொள்வார்கள். மெட்லி ரிலேயின் தகுதிச் சுற்றில் கிராக்கர் முந்தியது 0.04. அணி நீக்கப்பட்டது. அந்தப் போட்டித் தொடரில் ஏழு தங்கம் வென்ற ஃபெல்ப்ஸுக்கு எட்டாவது கைநழுவிற்று. விட்டுக்கொடுத்தவனுக்கே இழப்பை உண்டாக்கிவிட்டாரே என்று அன்று நாமும் மனத்துக்குள் தீர்ப்பெழுதினோம். அவசரப்பட்டு எழுதிய தீர்ப்பு அது.

2008-இல் பெய்ஜிங்கில், அதே மெட்லி ரிலேயின் தகுதிச் சுற்றில், ஃபெல்ப்ஸ் ஓய்வெடுக்க, வண்ணத்துப்பூச்சிப் பகுதிக்கு மேடையேறியவர் கிராக்கர். மெல்போர்னை மறந்து அவரை அனுப்பியிருக்க மாட்டார்கள், தெரிந்தேதான் அனுப்பினார்கள். இம்முறை பிழையில்லை. அணி இறுதிக்குச் சென்றது. அந்த இறுதியில் வென்றதுதான் ஃபெல்ப்ஸின் புகழ்பெற்ற எட்டாவது தங்கம். தகுதிச் சுற்றில் நீந்தியமைக்காகக் கிராக்கருக்கும் அதில் பங்குண்டு. தனிப் போட்டியிலோ அவர் 51.13; வெண்கலம் பெற்றவர் 51.12. நூற்றில் ஒரு பங்கு விநாடி மறுபடியும் அவரை ஏமாற்றியது.

கடன் தீர்ந்ததா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். நன்றியைக் கடனாகக் கணக்கிடுவதிலேயே நாம் தவறிவிடுகிறோம் போலும். தவறிய ஒருவனை மீண்டும் அதே மேடையில் நிறுத்துவது ஒரு பெருமை. மீண்டும் நின்று, தோழனின் கை சுவரைத் தொடும்வரை பொறுத்திருப்பது மற்றொரு பெருமை. அந்தப் பொறுமைக்குத் தனிப் பதக்கம் இல்லை. கைம்மாறு என்பதற்கு இப்போது நாம் வகுப்பில் சொல்லும் பொருள் அதுதான்.